எழுத்து ஓர் அமானிதம்

எம் இல்லத்தின் முன்னறையில், கிதாபுகள் அடுக்கிய அலமாரிக்கு அருகே, பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஒன்று இருக்கிறது. எம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் அதனை வியப்போடு நோக்குவர். துணிவுடையோர் ஒரு விசையை அழுத்தியும் பார்ப்பர். "ஹஜ்ரத், இது யாருக்குள்ளது?" என்று வினவுவர். "எங்க உஸ்தாதுக்குள்ளது" என்று விடை பகர்வோம். எந்த மதரஸாவின் உஸ்தாத் தட்டச்சுப் பொறி வைத்திருந்தார் என்று அவர்கள் திகைப்பர்.

அன்பு வாசகர்களே, அந்த உஸ்தாத் எம்மைப் பெற்றெடுத்த உம்மா அவர்களே. 1975 முதல் 2004 வரை, பாளையங்கோட்டையில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்து, பின்னர் சுருக்கெழுத்தும் கற்று, இறுதியில் அவ்வலுவலகத்தின் செயலராக விளங்கியவர்கள். 2018இல் வபாத்தானார்கள். அரபியில் எமக்குப் பாடம் சொன்ன பெரியோர் பலர். ஆயினும் எழுத்து என்பது ஓர் அமானிதம் என்ற பாடத்தை எமக்குச் சொன்னவர்கள் உம்மா ஒருவரே. அதனை யாம் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

உம்மா 1945இல் மேலப்பாளையத்தில் பிறந்தார்கள். கைத்தறி ஓசை ஓயாதிருந்த ஊர் அது. பாட்டனார் தறித் துணி வாங்கி விற்கும் சிறு வணிகர். பாட்டியார் குர்ஆனோடு அரபுத்தமிழும் கற்பித்தார்கள். தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழுக்கேயுரிய ஒலிகளுக்குத் தனிக்குறி சேர்த்து எழுதும் அம்முறை, தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்களிடையே நெடுங்காலம் வழங்கியது. தமிழ் எழுத்தறியாத பெண்கள் பலர் அரபுத்தமிழ் நூல்களைத் தடையின்றி வாசித்த காலம் அது. பாட்டனாரோ மகளுக்குத் தமிழெழுத்தும் ஆங்கில எழுத்தும் கூட வேண்டும் என்றார்கள். கூண்டு வண்டி அமர்த்திப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1961இல் உம்மா பள்ளியிறுதித் தேர்வில் தேறியபோது, தெருவில் பாராட்டியவர்களைவிட அனுதாபம் தெரிவித்தவர்களே அதிகம் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எம் வாப்பா ஊர் ஊராகச் சென்று சேலை விற்றவர்கள். 1974இல் காய்ச்சல் கண்டு பத்தே நாளில் மறைந்தார்கள். அப்போது எமக்கு வயது ஏழு, தங்கைக்கு நான்கு. நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுவாரமே உம்மா தட்டெழுத்துப் பயிற்சியில் சேர்ந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, பேருந்தில் சென்று திரும்புவார்கள். உறவினர், வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றலாமே என்றனர். எம்மூர்ப் பெண்கள் பலர்க்கு அதுவே பிழைப்பாயிருந்தது. தெருப் பெரியவர் ஒருவர் வாசலுக்கே வந்து, "கோர்ட்டுக் கச்சேரிப் பக்கம் நம்ம பொம்பளைக போலாமா?" என்று கேட்டார். உம்மா கதவுக்குப் பின்னின்று விடையிறுத்தார்கள்:

"காக்கா, இலையை நிறுத்துத் தாறவன் கூலியிலே கழிச்சுக் கழிச்சு எழுதுறானே, அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிஞ்ச பொம்பளை தெருவுக்கு ஒருத்தியாவது வேணுமா, வேண்டாமா?"

பெரியவர் விடை சொல்லவில்லை. ஆனால் மறுமாதம் அவரே, தம் மருமகளின் கூலிச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கில் பதினொரு ரூபாய் குறைந்திருந்ததை உம்மா காட்டினார்கள்.

வழக்கறிஞர் வைணவ மரபில் வந்த முதியவர். உம்மாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவராயினும் "அம்மா" என்றே அழைப்பார். லுஹர் வேளையில், வழக்குக் கட்டுகள் வைக்கும் அறையை உம்மாவுக்காக ஒழித்துக் கொடுப்பார். கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தபின், இரு மொழியிலும் பிழையற எழுத வல்லவர்க்குத் தேவை மிகுந்தது. உம்மாவின் கைக்கு ஓய்வில்லாமற் போயிற்று. பிராது, எதிருரை, பிரமாணப் பத்திரம், அறிவிப்பு என்று நாள்தோறும் தாள்கள் குவியும். இடையிடையே கரித்தாள் வைத்து ஐந்து படிகள் ஒரே வீச்சில் எடுக்க வேண்டும். அடிப்படியிலும் எழுத்துத் தெரிய வேண்டுமானால் விசையை ஓங்கி அறைய வேண்டும். உம்மாவின் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. ஒரு பிழை நேர்ந்தால் ஐந்து தாளிலும் திருத்த வேண்டும்.

யாம் விடுமுறையில் அங்கு சென்று அமர்ந்ததுண்டு. தமிழ்ப் பொறியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை, தாளை நகர்த்தாது. ஆதலால் புள்ளியை முதலில் வைத்து, அதன் பின்னரே எழுத்தை அடிக்க வேண்டும். அப்போதுதான் அலிப், பே ஓதத் தொடங்கியிருந்த எமக்கு அது வேடிக்கையாயிருந்தது. "நாங்க எழுத்தை எழுதிட்டு ஜபர், ஜேர் போடுறோம், நீ புள்ளியை வச்சுட்டு எழுத்தைத் தேடுறியே உம்மா" என்றோம். "எங்கே நிக்கணும்னு மொதல்லே தெரிஞ்சுக்கிட்டா எழுத்து தானா வந்து சேரும் வாப்பா" என்றார்கள்.

அங்கு யாம் கண்ட வழக்கம் ஒன்றுண்டு. எழுத்தறியாதவர் ஒரு பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்குமுன், அதனை அவருக்குப் படித்துக் காட்டி, பொருள் விளக்கி, அவர் புரிந்துகொண்டார் என்று எழுத வேண்டும் என்பது நீதிமன்ற நெறி. அவசரத்தில் பல இடங்களில் அந்த வாசகம் மட்டும் தாளில் இருக்கும். படித்துக் காட்டுதல் இராது. உம்மா அப்படிச் செய்ததில்லை. வெளியே பேருந்துக்கு நேரமாகிறது என்று வந்தவரே துடித்தாலும், அவரை அமர வைத்து, முதலிலிருந்து இறுதிவரை வாசிப்பார்கள். பின்னர், "இப்ப நீங்க சொல்லுங்க, இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்வார்கள். "கைநாட்டு வைக்கிறவங்க கண்ணு நம்மகிட்டே அடகு இருக்கு. மீட்டுக் கொடுக்காம அனுப்பக்கூடாது" என்பது அவர்களின் சொல்.

ஒருமுறை தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த முதிய உழவர் ஒருவரின் நிலவழக்குப் பிராதில், சக்குபந்தியை வாசித்துக் காட்டும்போது, அவர் தயங்கித் தயங்கி, "கிணறு மேக்கே இல்லையா தாயி?" என்றார். வழக்கறிஞர் சொல்லச் சொல்ல அடித்த தாள் அது. உம்மா எழுந்து சென்று, "ஐயா, நீங்க சொன்னபடிதான் அடிச்சேன். ஆனா இவங்க கிணத்தை நாம ராத்திரியோட ராத்திரியா கிழக்கே தூக்கி வச்சிட்டோம்" என்றார்கள். வழக்கறிஞர் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து படிகளும் மறுபடி அடிக்கப்பட்டன.

1980இல் யாம் வெளியூர் மதரஸாவுக்குச் சென்றோம். எட்டாண்டுகள் ஓதினோம். வாரந்தோறும் உம்மாவின் கடிதம் தட்டெழுத்தில் வரும். நீதிமன்றப் பழக்கத்தால், பத்தி தோறும் எண்ணிட்டு எழுதுவார்கள். முதற்பத்தியில் உடல்நல விசாரணை. இரண்டாவதில் தங்கையின் படிப்பு. மூன்றாவதில் எம் செலவுக்கணக்கின் மீது எதிருரை. முடிவில், மேற்கண்டவை யாவும் தம் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற உறுதிமொழியும் இருக்கும். உடன் ஓதிய மாணவர்கள் "நோட்டீஸ் வந்துவிட்டது" என்று நகைப்பர். எமக்கு வெட்கமாயிருந்தது. பிறருடைய உம்மாமார் இல்லத்தில் இருக்க, எம் உம்மா வழக்குமன்ற வாசலில் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்து போயிற்றே என்று குமைந்தோம். கடிதங்களை வாசித்ததும் கிழித்துவிடுவோம். அல்லாஹ் எம்மை மன்னிப்பானாக. எட்டாண்டுக் கடிதங்களுள் இன்று எம்மிடம் எஞ்சியிருப்பவை ஒன்பதே.

1988இல் ஸனது பெற்று, தலைப்பாகையோடு ஊர் திரும்பினோம். மூன்றாம் நாள் இரவு, உணவுக்குப் பின், ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களைச் சொன்னோம்: "உம்மா, இனி நான் சம்பாதிப்பேன். ஆலிமுடைய உம்மா வக்கீல் ஆபீசுக்குப் போறது மரியாதை இல்லே. வேலையை விட்டுடுங்க."

உம்மா சினக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அமர்ந்தார்கள். "குர்ஆனிலே ஆகப் பெரிய ஆயத்து எது வாப்பா?" என்று கேட்டார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்றோம். ஓதச் சொன்னார்கள், ஓதினோம். பொருள் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். தவணைக் கடனை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கலாகாது என்பதும், சொல்ல இயலாதவர்க்காக அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்பதும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பதும், எழுதியவர்க்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது என்பதும் அதன் கருத்துகள். அதன் இலக்கண அமைதி முழுவதும் எமக்கு மனப்பாடம். எந்தச் சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று தடையின்றிச் சொல்வோம்.

உம்மா கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்கள்: "தொழுகைக்கும் நோன்புக்கும் இல்லாத நீளத்தை ரப்பு எழுத்துக்காரனுக்குக் கொடுத்திருக்கானே. நீ என் மிஷினுக்கு ஒரு மூலை கொடுக்க மாட்டேங்கிறியே."

யாம் வாயடைத்துப் போனோம். மறுநாள் காலை உம்மா வழக்கம்போல் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார்கள். அதன்பின் அந்தப் பேச்சை யாம் எடுத்ததில்லை. ஆனால் மனம் முற்றிலும் ஒப்பியது என்றும் சொல்வதற்கில்லை.

மனத்தை மாற்றியவை இரண்டு நிகழ்ச்சிகள்.

1990இல், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன கணவனைப் பற்றி ஆறாண்டுகளாக ஒரு செய்தியும் அறியாத இளம்பெண் ஒருத்தி உம்மாவிடம் வந்தாள். கையில் ஒரு குழந்தை. காணாமற்போனவனின் மனைவி பற்றிய சட்டத்தை யாம் கிதாபில் ஓதியிருந்தோம். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, கணவனின் வயதொத்தார் மறையும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். மாலிகி மத்ஹபிலோ தவணை நான்காண்டு. தேவை கருதி மாலிகி தீர்ப்பை ஏற்கலாம் என்று மவ்லானா அஷ்ரப் அலீ தானவி அவர்கள் 1930களில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலில் எழுதினார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திற்கு அது வழிகோலிற்று. நான்காண்டு கணவனின் இருப்பிடம் அறியப்படாவிடினும், ஈராண்டு அவன் பராமரிப்புத் தராவிடினும், மனைவி நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அச்சட்டம். இவையனைத்தும் எமக்குத் தெரியும். அப்பெண்ணுக்குத் தெரியாது. யாம் தெருவில் அவளைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு சொல் சொன்னதில்லை. அவளுக்கு இதனை விளக்கி, பிராதை அடித்து, மும்முறை வாசித்துக் காட்டியவர்கள் உம்மா. அன்றிரவு எம்மிடம், "நீ ஓதினது கிதாபிலேயே இருந்தா அவளுக்கு என்ன வாப்பா லாபம்?" என்று மட்டும் கேட்டார்கள். அது குத்திக்காட்டும் குரலன்று. உண்மையாகவே விடை அறிய விரும்பிய குரலாயிருந்தது. அதனாலேயே மிகவும் சுட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 1994இல். எம் தெருவில் ஒரு நிகாஹ். மஹல்லாவின் நிகாஹ் தஃப்தரை எழுதும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மஹர் மூன்று பவுன் என்றனர். பெண்ணின் வலியார் தலையசைத்தார். எழுதினோம். பெண்ணின் கையொப்பத்துக்காகத் தஃப்தர் உள்ளே சென்றது. சற்று நேரத்தில் ஒரு சிறுவன் ஓடி வந்து, "உங்க உம்மா உங்களைக் கூப்பிடுறாங்க" என்றான். திரைக்கு அப்பாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது:

"பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டினீங்களா, ஆலிம் சாகிப்?"

இல்லை என்றோம். "நான் படிச்சுக் காட்டினேன். அஞ்சு பவுன்னு அவகிட்டே சொல்லியிருக்காங்க. மூணுன்னு எழுதியிருக்கு. அவ அழுதுகிட்டே கையெழுத்துப் போடப் போனா" என்றார்கள்.

சபையில் சலசலப்பு எழுந்தது. ஒருவரையொருவர் நோக்கினர். வலியார், கூட்டத்தில் மறுத்துச் சொல்லக் கூச்சமாயிருந்தது என்றார். அரைமணி நேரப் பேச்சுக்குப்பின், மாப்பிள்ளையே எழுந்து, ஐந்து என்று எழுதுங்கள் என்றார். நற்பிள்ளை. யாம் மூன்றை அடித்து ஐந்து எழுதினோம். "திருத்தின எடத்திலே ரெண்டு பக்கத்தாரும் சுருக்கொப்பம் போடணும்" என்று திரைக்கு அப்பாலிருந்து ஆணை வந்தது. சபை சிரித்தது, இறுக்கம் தளர்ந்தது. மஹர் மணப்பெண்ணின் உரிமை என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தும் யாம், அந்த உரிமையை அவளிடம் கேளாமலேயே எழுதி வைத்திருந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வஹீ எழுதிய ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி நினைவுக்கு வந்தது. அவர்கள் எழுதி முடித்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்; ஏதேனும் விடுபட்டிருந்தால் சரிசெய்வார்கள்; அதன்பிறகே அது மக்களிடம் செல்லும். இச்செய்தியை யாம் பலமுறை மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம். எழுதுவது பாதிப்பணி, வாசித்துக் காட்டுவது மறுபாதி என்று அதிலிருந்து யாம் உணர்ந்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மர நாற்காலியில் அமர்ந்து, இருபது ஆண்டுகளாக உம்மா அதனைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்று முதல், மணமகளுக்கு வாசித்துக் காட்டப்படாத எந்தத் தஃப்தரிலும் யாம் கையெழுத்திட்டதில்லை.

காலம் மாறியது. அலுவலகத்துக்குக் கணினி வந்தது. உம்மா அதனையும் கற்றார்கள். "அஞ்சு தாளிலே திருத்த வேண்டியதில்லே, ஆனா பிழை விடுறதுக்குப் பயமும் இல்லாமப் போச்சு" என்பார்கள். 2004இல் ஓய்வு பெற்றபோது, தாம் பழகிய பழைய பொறியை விலை கொடுத்து வாங்கி வந்தார்கள்.

2018இன் தொடக்கத்தில் உடல் தளர்ந்தது. ஒருநாள் எம்மையும் தங்கையையும் அழைத்து அமரவைத்தார்கள். வஸிய்யத்தைத் தாமே தட்டெழுத்தில் அடித்து வைத்திருந்தார்கள். கண் மங்கியிருந்தமையால், "இன்னிக்கு நீ எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார்கள். வாசித்தோம். வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை என்பதை ஆலிமாகிய மகன் அறிவான். ஆதலால் தட்டச்சுப் பொறியை இன்றே மகனுக்கும், அதற்கீடாகத் தையற்பொறியை மகளுக்கும் ஹிபாவாகக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்கள். வாசிப்பை நிறுத்தி, "ஹிபா செல்லணும்னா கைக்கு மாறணுமே. தூக்கு" என்றார்கள். அந்தக் கனத்த பொறியைத் தூக்கி, முன்னறையில், கிதாபு அலமாரிக்கு அருகே வைத்துவிட்டு மீண்டோம். 1988இல் கேட்ட மூலை அன்று கிடைத்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை, புன்னகைத்தார்கள்.

பின்னர் கடன்களின் பட்டியல். முட்டைக்காரிக்கு 18 ரூபாய். தையற்காரருக்கு 60 ரூபாய். மூன்றாவதாக இருந்தது இது: 1980 முதல் 1988 வரை மகனுக்குக் கடிதம் எழுத அலுவலகத்தில் எடுத்த தாள், வாரம் ஒன்றாக எட்டாண்டுக்கு ஏறத்தாழ நானூறு, வழக்கறிஞர் ஐயா அனுமதித்திருந்தார், எனினும் எண்ணிச் சொல்லிக் கேட்டதில்லை, இன்றைய விலை அறிந்து செலுத்துக.

எமக்குக் குரல் எழவில்லை. நானூறு தாள். அவற்றை யாம் என்ன செய்தோம் என்று உம்மா ஒருபோதும் கேட்டதில்லை. யாம் இப்போது சொன்னோம். உம்மா சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "படிச்சுட்டுத்தானே கிழிச்சே?" என்றார்கள். ஆம் என்றோம். "அப்போ அது போய்ச் சேர்ந்தாச்சு. மேலே படி" என்றார்கள்.

உம்மாவின் வபாத்துக்குப்பின் நாற்பதாம் நாளுக்குள் கடன்களைத் தீர்த்தோம். வழக்கறிஞர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டமையால், அலுவலகத்தை நடத்தும் அவர் மகனிடம் தாளின் விலையைக் கொடுத்தோம். அவர் முதலில் மறுத்தார். வஸிய்யத்தைக் காட்டியதும் வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டு எழுதினார். எம்மிடம் நீட்டுமுன், எழுத்தறிந்த எமக்கு அதனை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துக் காட்டினார். "மன்னிக்கணும். எழுதினதை வாசிக்காமக் கொடுத்தா இங்கே அம்மா விடமாட்டாங்க, பழகிப் போச்சு" என்றார்.

அச்சீட்டை அந்த ஒன்பது கடிதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு உடையோர், ஆலிமாயினும் அலுவலராயினும், தாம் எழுதியதை அதற்குரியவர்க்கு ஒருமுறை வாசித்துக் காட்டுவார்களாக. எம் உம்மாவின் எழுத்தையும் உழைப்பையும் வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, அவர்களின் ஏட்டை வலக்கரத்தில் வழங்குவானாக. ஆமீன்.